கூலி எழுதப்படாத கொப்பி

சென்ற மாதம் குறிஞ்சாக்கேணியில் மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். கிண்ணியாப் பகுதியிலுள்ள அந்த ஊரில் என் பழைய நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். நான் போய் இறங்கிய நேரம் தொட்டு மழை விட்டபாடில்லை. கொண்டுபோன உடுப்புகள் நனைந்தன. துவைத்துப் போட்டவை காயவில்லை. எதை உடுத்திக்கொண்டு கொழும்புக்குத் திரும்புவது என்ற நிலை வந்தபோது, நண்பரின் மருமகள் தொலைபேசியில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். அரை மணி நேரத்தில் மழையங்கி அணிந்த இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். என் உடுப்புகளையும் வீட்டாரின் சில உடுப்புகளையும் ஒரு பையில் இட்டு, கைத்தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். ஐந்தரைக் கிலோ. ஒரு துண்டுச் சீட்டில் நிறை, கிலோ ஒன்றுக்கான விலை, மொத்தத் தொகை, திருப்பித் தரும் நாள் ஆகிய நான்கையும் எழதித் தந்தார். "நாளைக்கு அஸருக்கு முன்ன கொண்டு வந்து தாறன் சேர்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் மறைந்தார்.

அந்தத் தொகை, கடையில் வாங்கும் மூன்று சோற்றுப் பார்சல்களின் விலைக்குச் சமமாக இருந்தது. நண்பருக்கு அது பொறுக்கவில்லை. "ஊத்தை உடுப்பக் கழுவ ஒரு ஆள், அதத் தூக்கிட்டுப் போக ஒரு ஆள், எல்லாத்துக்கும் காசு. நம்மட உம்மாமார் இப்படியா செஞ்சாங்க?" என்றார். மருமகளும் ஓர் ஆசிரியை. "உங்கட உம்மா பள்ளிக்கூடத்தில படிப்பிச்சிட்டு வந்து உடுப்புக் கழுவல்லையே மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து அழுக்குத் துணியை எடுத்துச் சென்று, வெளுத்துத் திருப்பிக் கொண்டுவந்து தரும் இந்தச் சேவை புதியதா? அதற்குக் கொடுக்கும் காசு அதிகமா? சலவைக்கு நியாயமான விலை என்ன?

கொழும்புக்குத் திரும்பியதும் அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். ஒரு சீட்டும் ஒரு கொப்பியும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கொப்பி

கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்த எங்கள் ஊரில் அம்மா வைத்திருந்த சலவைக் கணக்கு அது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வருவார். பெரும்பாலும் மனைவியும் கூட வருவார். பின்வாசலில் அமர்ந்து, அம்மா ஒவ்வொன்றாக எண்ணிப் போடப்போட மூட்டை கட்டுவார்கள். அம்மா கொப்பியில் எழுதுவார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: சேலை 6, வேட்டி 5, சாரம் 4, படுக்கை விரிப்பு 4, சட்டை 6, துவாய் 5. மொத்தம் 30 உருப்படி. அடுத்த தடவை அவை திரும்பி வரும்போது ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கோடு போடப்படும்.

நாள், உருப்படி, எண்ணிக்கை, திரும்பி வந்ததற்கான கோடு. இவ்வளவுதான். கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். எந்த இடத்திலும் கூலி எழுதப்படவில்லை. ஒரு துவாய் குறைந்தால் தெரிந்துகொள்வதற்கு எங்களிடம் கணக்கு இருந்தது. நாங்கள் கொடுக்க வேண்டியதற்குக் கணக்கு இருக்கவில்லை.

அவரது கூலி வேறு வழியில் போயிற்று. பெரும்போக, சிறுபோக அறுவடை முடிந்து சூடடிக்கும் போது களத்தில் நெல் கொடுப்பார்கள். வரும் நாட்களில் சோறு உண்டு. தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் அரிசியும் தேங்காயும் உண்டு. கலியாணம், சாமத்தியச் சடங்கு, இழவு ஆகியவற்றில் வெள்ளை விரிப்பதும் கட்டுவதும் அவரது கடமை. அதற்கும் தனியாக ஏதேனும் கிடைக்கும். எவ்வளவு என்பதை அவர் கேட்டதில்லை. கேட்கக்கூடியவராக நாங்கள் அவரை வைத்திருக்கவில்லை. என் அப்பாவைவிட மூத்த அந்த மனிதரை, எட்டு வயதுச் சிறுவனாகிய நான் பெயர் சொல்லி, 'நீ' என்று பேசினேன். அவர் என்னைத் 'தம்பி' என்றும் சில வேளைகளில் 'சின்னையா' என்றும் அழைத்தார். இதில் ஏதும் பிழை இருப்பதாக அன்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மழையும் கெடுவும்

சலவைத் தொழில் தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் ஆடை வெளுப்பவள் 'புலைத்தி' என்ற பெயரில் வருகிறாள். புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்த வெள்ளாடையைப் பற்றிய செய்தி உண்டு. களர் நிலம் என்பது இங்கே காரணமின்றிச் சொல்லப்படவில்லை. உவர் மண்ணில் சோடா உப்பு உண்டு. அந்தக் காரத்தில் தோய்த்த துணியை ஆவியில் வேகவைத்தால் அழுக்கிலுள்ள கொழுப்பு சவர்க்காரம் போலாகிக் கழன்றுவிடும். வெள்ளாவி என்று நாம் சொல்வது இதைத்தான். சவர்க்காரம் கடைக்கு வருவதற்கு முன் நம்மவர் கையில் இருந்த வேதியியல் இது. அந்த அறிவின் உரிமையாளர் யார் என்பதையும் அந்தப் பாடலே சொல்லிவிடுகிறது: ஒரு பெண். என் அம்மாவின் கொப்பியில் கணவனின் பெயர் மட்டுமே இருக்கிறது. உழைப்பில் பாதியேனும் மனைவியுடையது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் காஞ்சிபுரத்து ஏகாலியர் குலத்தவர். சிவனடியார்களின் உடையை வெளுத்துக் கொடுப்பதைத் தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒருநாள் இறைவனே மெலிந்த அடியாராக, அழுக்கேறிய கந்தையுடன் வருகிறார். சூரியன் மறைவதற்குள் உலர்த்தித் தர வேண்டும், இல்லையேல் குளிரில் உடல் வருந்தும் என்று சொல்லிக் கொடுக்கிறார். நாயனார் துவைத்து முடித்தபோது மழை பிடித்துக்கொள்கிறது. மாலையாகியும் விடவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துவைக்கும் கல்லில் அவர் தலையை மோதப்போகும்போது இறைவனின் கை தடுக்கிறது.

பக்திக் கதையாக இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குறிஞ்சாக்கேணி மழைக்குப் பிறகு இதை ஒரு தொழிலின் ஆவணமாகவும் வாசிக்கத் தோன்றுகிறது. துணி வெளுப்பவர் நம்மிடமிருந்து எடுத்துச் செல்வது அழுக்கு மூட்டையோடு முடிவதில்லை. மழை பெய்தால் அது அவர் கவலை. சாயம் போனால் அவர் பழி. உருப்படி தொலைந்தால் அவர் கடன். கெடு தவறினால் அவர் தலை. கொடுத்தவர் வீட்டில் அமர்ந்து காத்திருக்கலாம். மற்றவருடைய தொல்லையைத் தம் தலையில் ஏற்றுக்கொள்வதுதான் இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி. அந்தப் பகுதிக்கு யாரும் விலை போட்டதில்லை.

கொட்டியாரத்தில் பிடிபட்டவர்

எங்கள் கரைக்கும் சலவையின் வரலாற்றுக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்று உண்டு. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் 1659இல் பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதன் தலைவரும் மகன் ராபர்ட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று இன்றும் சொல்லப்படும் புளியமரம் அந்த நிகழ்ச்சியின் நினைவு. கிண்ணியாவிலிருந்து அது அதிக தூரமில்லை. மகன் நொக்ஸ் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டு, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் தம் நூலை வெளியிட்டார்.

அந்த நூலில் சிங்களச் சலவைத் தொழிலாளரைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. ஆணும் பெண்ணும் தோளில் ஒரு துணியைப் போட்டுச் செல்வதையும், பெரிய பானையில் நீர் கொதிக்க, அதன் மேல் துணிகளை அடுக்கி ஆவி ஏற்றுவதையும், பின் ஆற்றங்கரைப் பாறையில் அடித்து வெளுப்பதையும், அப்படி அடித்தும் துணி கிழியாதிருப்பதையும் வியப்புடன் எழுதுகிறார். அடுத்து அவர் தரும் தகவல்தான் முக்கியம். அவர்கள் குயவர் வரையிலான சாதியாருக்கு வெளுப்பர். அதற்குக் கீழ் வைக்கப்பட்டவர்களுக்கு வெளுப்பதில்லை. தீவில் புதிதாக வந்து மாட்டிக்கொண்ட ஒருவருக்கே துணி வெளுப்பது சாதியை அளக்கும் கோலாகப் பயன்பட்டது தெரிந்திருக்கிறது.

தமிழர் பகுதிகளிலும் இதுவே நடைமுறை. யாழ்ப்பாணத்தில் வண்ணார் குடிமைத் தொழில் செய்பவராகக் கருதப்பட்டனர். இன்ன குடும்பத்துக்கு இன்னார் வெளுப்பது பரம்பரை உரிமை; உரிமை என்ற பெயரில் கட்டாயம். ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு வெளுக்கத் 'துரும்பர்' என்ற வேறொரு பிரிவினர் இருந்தனர். தமிழ்நாட்டில் இவர்களை ஒத்தவர்கள் புதிரை வண்ணார். 1932 டிசம்பர் 24ஆம் திகதி 'இந்து' நாளிதழில் வெளிவந்த ஒரு செய்தி, திருநெல்வேலி மாவட்டத்தில் இம்மக்கள் பகலில் வெளியே வர அனுமதிக்கப்படுவதில்லை என்றும், அவர்களைப் பார்ப்பதே தீட்டாகக் கருதப்படுகிறது என்றும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் துணி வெளுக்கிறார்கள் என்றும் தெரிவித்தது. அம்பேத்கர் தம் எழுத்தில் இச்செய்தியை எடுத்தாண்டிருக்கிறார். 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் இச்சமூகத்துப் பெண் ஒருத்தியைப் பற்றியது. ஊராரின் துணியை வெளுத்து, இரவில் வீடு வீடாகச் சோறு வாங்கி, அறுவடைக் களத்தில் தானியத்துக்காகக் காத்து நிற்பவள் அவள். 2009இல்தான் தமிழ்நாட்டு அரசு புதிரை வண்ணாருக்கென ஒரு நல வாரியத்தை அமைத்தது.

ஆக, வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துச் சென்று திருப்பித் தரும் சலவைச் சேவை நமக்குப் புதியதல்ல. நூற்றாண்டுகளாக அதை அனுபவித்தோம். அது மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அதைச் செய்தவரால் விலை சொல்லவோ விட்டுப் போகவோ முடியாதிருந்தது.

துறைமுகம் கொண்டுவந்த காசு

சலவைக்குக் காசு வாங்கும் வழக்கத்தைப் பெருமளவில் பரப்பியது அந்நியரின் படைகளும் துறைமுகங்களுமே. கொச்சிக் கோட்டையில் ஒல்லாந்தர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் வண்ணார் குடியேற்றப்பட்டனர். அவர்களது வழிவந்தோருக்காக 1976இல் துவைக்கும் தொட்டிகளுடன் ஒரு சலவைக் கூடம் கட்டப்பட்டது. சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பு. சிங்கப்பூரில் இந்தியச் சலவையாளர்கள் துவைத்த ஓடையின் கரை 'டோபி காட்' ஆயிற்று. 1987இல் திறக்கப்பட்ட தொடருந்து நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பினாங்கிலும் அதே பெயரில் ஓரிடம் உண்டு.

எங்கள் திருகோணமலையை ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். பின் அது அவர்களது முக்கிய கடற்படைத் தளங்களுள் ஒன்றாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அதனாலேயே. வெப்ப நாடுகளில் அக்கடற்படையின் சீருடை வெள்ளை. வெள்ளைச் சீருடை அணிந்த படை இருக்குமிடத்தில் வெளுப்பவர் இல்லாமல் முடியாது. 'டோபி' என்ற இந்தியச் சொல் ஆங்கிலக் கடற்படையினரின் பேச்சுமொழியில் துணி துவைப்பதைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இந்தப் புதிய முதலாளிகள் காசு கொடுத்தார்கள். ஆனால் மதிப்புக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. வியர்வையாலும் பூஞ்சணத்தாலும் தொடையிடுக்கில் வரும் அரிப்புக்கு 'டோபி அரிப்பு' என்று பெயரிட்டார்கள். பழி துவைத்தவர் மேல் விழுந்தது. உருப்படிகள் மாறாதிருக்கச் சலவையாளர் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவது வழக்கம். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத கறுப்புக் குறி அது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளின் துணிகளைப் பிரித்தறியத் தாமே உருவாக்கிய எழுத்து என்று அதைச் சொல்லலாம். இந்தியாவில் அடையாளம் தெரியாத பிணங்களை இனங்காணக் காவல்துறையினர் இக்குறிகளைப் பயன்படுத்தியதுண்டு. அந்தச் சாறு சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதை, இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கப் படை மருத்துவர்கள் 1943இல் மருத்துவ இதழொன்றில் விவரித்தனர். அணிந்தவரின் கழுத்தில் வந்த தடிப்பு அவ்வாறு பதிவாயிற்று. அதை நாள்தோறும் கையாண்டவரின் விரல்களைப் பற்றி நாம் அதிகம் வாசித்ததில்லை.

1957ஆம் ஆண்டு இரண்டு காரணங்களுக்காக இந்தக் கதையில் நினைக்கத்தக்கது. திருகோணமலைத் தளம் அவ்வாண்டு இலங்கை அரசின் கைக்கு வந்தது. கப்பற்படையை நம்பியிருந்த பல பிழைப்புகள் சுருங்கின. அதே ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரை விலக்குவது குற்றமாயிற்று. சட்டம் வந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு அந்தச் சட்டம் வந்து சேர்ந்திருக்கவில்லை.

விலை சொன்ன பெண்கள்

விலை சொல்லும் உரிமை எவ்வளவு பெரிய விடயம் என்பதை அறிய நம் எல்லையைச் சற்றுத் தாண்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், அடிமைமுறை ஒழிந்து 16 ஆண்டுகள் கழிந்திருந்த 1881இல், கறுப்பினச் சலவைப் பெண்கள் வெள்ளையர் வீடுகளிலிருந்து திங்கட்கிழமை துணி எடுத்துச் சென்று, தம் வீட்டு முற்றத்தில் வெளுத்து, சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்து வந்தனர். எங்கள் ஊர் முறையைப் போன்றதேதான். அவ்வாண்டு ஜூலையில் இருபது பெண்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு இறாத்தல் துணிக்கு ஒரு டொலர் என்று ஒரே விலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். மூன்று வாரங்களில் அவர்கள் தொகை மூவாயிரமாயிற்று. சிலர் கைது செய்யப்பட்டனர். ஆண்டுக்கு 25 டொலர் உரிமக் கட்டணம் விதிக்கப்போவதாக நகரசபை மிரட்டியது. பெண்கள் நகர முதல்வருக்குக் கடிதம் எழுதினர்: கட்டணம் செலுத்தத் தயார், ஆனால் நகரத்தின் சலவை முழுவதும் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நகரசபை கட்டண யோசனையைக் கைவிட்டது.

பன்னிரண்டு இறாத்தல் என்பது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. குறிஞ்சாக்கேணியில் என் பை நிறுக்கப்பட்ட அதே நிறை. இதைக் கவனித்தபோது அந்தச் சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

மறுபக்கத்தில் காந்தியின் அனுபவமும் உண்டு. தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது சலவைச் செலவு மிகுதி என்றும், துணி உரிய நேரத்தில் வருவதில்லை என்றும் கண்டு, சலவை பற்றிய புத்தகம் வாங்கிப் படித்துத் தாமே துவைக்கத் தொடங்கினார். முதன்முதலில் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டியிலிருந்து கஞ்சி உதிர, நீதிமன்றத்தில் சக வழக்கறிஞர்கள் சிரித்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தன் அழுக்கைத் தானே கழுவுவது உயர்ந்த வழி. ஆனால் இன்னொருவர் கழுவினால் அவர் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டு வழிகளும் நேர்மையானவை. நாங்கள் நடந்தது மூன்றாவது வழியில்.

ஒரு கணக்கு

அம்மாவின் கொப்பியில் இல்லாத நிரலை இப்போது நிரப்ப முயன்று பார்த்தேன். 1940களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கிராம மின்மயமாக்கல் நிறுவனம் செய்த ஓர் ஆய்வைப் பொருளியலாளர் ஹா-யூன் சாங் எடுத்துக்காட்டுகிறார். சுமார் 17 கிலோ துணியைக் கையால் துவைக்க நான்கு மணி நேரமும் அழுத்தி மடிக்க நாலரை மணி நேரமும் ஆகின. மின்சாரச் சலவை இயந்திரம் வந்தபின் துவைப்பது 41 நிமிடங்களாகவும், மின் அழுத்தி வந்தபின் அழுத்துவது ஒன்றேமுக்கால் மணி நேரமாகவும் குறைந்தன. அதாவது கையால் செய்தால் கிலோவுக்கு ஏறக்குறைய அரை மணி நேர உழைப்பு.

அந்த நாட்டுக் கணக்கு எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. எனினும் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். நான் மேலே காட்டிய 30 உருப்படிகளும் பருத்தித் துணிகள். பதினொரு கிலோவுக்குக் குறையா. ஏறத்தாழ ஆறு மணி நேர உழைப்பு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26 தடவைகள். 156 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் கிட்டத்தட்ட இருபது நாட்கள். மூட்டையைச் சுமந்த தூரம், வெள்ளாவிக்கு விறகு பொறுக்கிய நேரம், மழைக்குக் காத்திருந்த பொழுது ஆகியவை இதில் சேரவில்லை. எங்கள் ஒரு வீட்டுக்காக மட்டும் அந்தக் கணவனும் மனைவியும் ஆண்டில் இருபது நாட்கள் உழைத்திருக்கிறார்கள். நாங்கள் கொடுத்தது இரண்டு போகத்துக்கும் சிறிது நெல்லும், பின்வாசலில் வைத்த சோறும். வயல் வேலைக்கு வந்தவருக்கு இருபது நாட்களுக்கு என்ன கூலி என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதையும் இதையும் யாரும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். மறுநாள் அந்த இளைஞர் சொன்னபடி வந்தார். உடுப்புகள் உலர்ந்து, மடிக்கப்பட்டு, பொலித்தீன் உறைக்குள் இருந்தன. சற்றுப் பேசினேன். வளைகுடா நாடொன்றின் ஹோட்டல் சலவைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்து தொழில் கற்றவர். திரும்பி வந்து இயந்திரங்கள் வாங்கியிருக்கிறார். சாதி அவரை இந்தத் தொழிலுக்கு அனுப்பவில்லை. நாளைக்கு நட்டப்பட்டால் வேறு தொழில் பார்க்கலாம். மின்கட்டணம், சலவைத்தூள், பெற்றோல், கடனின் தவணை என்று அவர் அடுக்கியபோது கிலோவுக்கான விலையில் அவர் கையில் மிஞ்சுவது பெரிய தொகையில்லை என்று விளங்கியது. 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு காலம் மீண்டும் வந்தால் இயந்திரம் நிற்கும், தவணை நிற்காது.

மழையில் அவர் வந்த பாதையையும் நினைத்தேன். தண்ணீரைக் கடப்பது இந்தப் பகுதியில் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை நகருக்குப் போக, 'பாதை' என்று எங்களவர் அழைக்கும் இழுவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்தபோது மாற்று ஏற்பாடாக விடப்பட்ட படகு 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை அவ்வூரார் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். வாசலுக்கு வந்து பொருள் தரும் எவரும் நமக்குப் பதிலாக ஒரு வழியைக் கடந்து வருகிறார். விலையில் அதுவும் அடக்கம்.

ஆகவே மூன்று சோற்றுப் பார்சல்களின் விலை அதிகமில்லை என்றே நண்பரிடம் சொன்னேன். அது பெறுமதியான சேவையா என்றால், மருமகளின் மாலை நேரத்தைக் கேளுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. அந்த இளைஞரைத் 'தம்பி' என்று அழைத்து, திண்ணையில் அமரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர் எங்கள் முன் திண்ணையில் அமர்ந்ததை நான் கண்டதில்லை.

கடைசிப் பக்கம்

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 1985ஆம் ஆண்டின் ஒரு நாள் எழுதப்பட்டிருக்கிறது. 22 உருப்படிகள். எதற்கு அருகிலும் கோடு இல்லை. அவ்வாண்டு எங்கள் மாவட்டத்தில் நடந்த வன்செயல்களின்போது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினோம். அம்மா எடுத்த பெட்டிக்குள் இந்தக் கொப்பியும் வந்துவிட்டது. அகதி முகாமில் எல்லோரும் தத்தம் துணியைத் தாமே துவைத்தார்கள். பின்வாசல் என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. அந்தக் குடும்பம் எந்தத் திசையில் போனது, யார் உயிருடன் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. விசாரிக்க வேண்டும் என்றும் நெடுங்காலம் எனக்குத் தோன்றவில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். எண்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த வெளுப்பு அவரிட்டத்தான் நிண்டது" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக அம்மா அவரை 'அவர்' என்று சொல்லிக் கேட்டேன். தொலைந்த சேலைகளைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"உடுப்புப் போனாப் போகட்டும். அந்தச் சிறுபோக நெல்லை நாங்க குடுக்கேல்லையடா."

22 உருப்படிகள் அவர் பேரில் எழுதப்பட்டு நிற்கின்றன. நாங்கள் கொடுக்க வேண்டிய நெல்லை எழுத அந்தக் கொப்பியில் இடம் இல்லை.